ரேடியோ பாடுகிறது, கார் எழவில்லை

கடந்த ஆண்டு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிகாலை மணி 5.20. கோலாலம்பூரில், வானொலி நிலையத்தில் ஆறு மணி நிகழ்ச்சிக்குப் பாடல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. அப்பா. அந்த நேரத்தில் அவர் அழைக்கவே மாட்டார்.

“காடி ஸ்டார்ட் ஆவலமா. சாவியைத் திருப்புனா டிக் டிக்குங்குது. அம்மா உள்ள உட்கார்ந்திருக்கா.”

எங்கள் வீடு சிம்பாங் பூலாயில் இருக்கிறது. அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈப்போவில் டயாலிசிஸ். ஆறு மணிக்குள் மையத்தில் இருக்க வேண்டும். தாமதமானால் அடுத்த முறைக்காரர்கள் காத்திருப்பார்கள். நம் நேரத்தில்தான் கை வைப்பார்கள்.

“பேட்டரியா இருக்கும்பா” என்றேன்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ரேடியோ பாடுதே!”

உண்மைதான். அவருடைய குரலுக்குப் பின்னால் எங்கள் நிலையத்தின் பாட்டுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் போட்ட பாட்டு அந்தக் காரில் பாடுகிறது. கார் மட்டும் எழவில்லை.

அன்று எங்களைக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு அண்ணன். சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். அவருடைய லாரி வாசலிலேயே நின்றது. ஆனால் அதிலிருந்து மின்சாரம் எடுக்கவில்லை. “லாரி 24 வோல்ட்டு மாமா, உங்க காடி 12. மாட்டுனா எல்லாம் கருகிடும்” என்று சொல்லிவிட்டு, மனைவியின் பழைய கஞ்சில் காரை எடுத்து வந்து ஜம்பர் கேபிள் மாட்டிக் கிளப்பிவிட்டார். அம்மா நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். அன்றைய சிகிச்சையில் அரை மணி நேரம் குறைந்தது. அந்த வாரம் முழுக்க அவருக்குக் கால் வீக்கம்.

நான் ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் “இனிய காலை வணக்கம்” சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

வானொலிக்கு ஒன்று, ஸ்டார்ட்டருக்கு நூறு

அப்பாவின் கணக்கு பலருடைய கணக்குதான். விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ரேடியோ பாடுகிறது. அப்படியென்றால் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. இது எங்கே தவறுகிறது என்றால், ரேடியோவுக்கு ஓரிரண்டு ஆம்பியர் மின்னோட்டம் போதும். எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு, சிறிய காரிலும், அந்தச் சில விநாடிகளில் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரைத் தூக்க முடிகிற நோயாளியிடம் அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்வது போலத்தான்.

முன்பு இதற்கு மாற்றுவழி இருந்தது. மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். கைப்பிடி திருப்பி அடித்தால் கை எலும்பு முறியும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்தக் கைப்பிடி மெல்ல மறைந்தது. அதற்குத் துணை நின்றது, 1859-இல் பிரான்ஸின் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரி. இன்றும் நம் காரில் இருப்பது அதன் வழிவந்ததுதான்.

அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். பேட்டரி படுத்தால் நான்கு பேர் தள்ளுவார்கள், இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் லாரி உறுமும். தள்ள ஆளும் இருந்தது, கியரும் இருந்தது. இப்போது வாசலில் நிற்பது ஆட்டோ மைவி. அதைத் தள்ளிக் கிளப்ப முடியாது.

இன்னொன்றும் மாறிவிட்டது. தோட்டத்தில் லயத்து வீட்டிலிருந்து கோவில், தமிழ்ப்பள்ளி, கடை எல்லாம் நடை தூரம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர்கள் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு, மருத்துவமனைக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் கார் இல்லாமல் முடியவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு எந்தப் பேருந்தும் நம் தெருவுக்கு வராது. அதனால்தான் இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

‘பேட்டரி சுடா கோங்’

அன்று மதியம் அப்பா காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். சீன அங்கிள் பானெட்டைத் திறந்தார், கருவியை மாட்டினார், சொன்னார்: “பேட்டரி சுடா கோங்.”

மலாயில் ‘சுடா’ என்றால் ‘ஆகிவிட்டது’. நம் காதுக்கு அது ‘சூடா’ என்றும் கேட்கும். இரண்டுமே சரிதான். நம் நாட்டில் பேட்டரி கோங் ஆவதே சூட்டினால்தான்.

குளிர் நாடுகளில் இருக்கும் நம் உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். பனிக்காலம் வருமுன் பேட்டரியைச் சோதிப்பார்கள், பழையது என்றால் மாற்றிவிடுவார்கள். கடுங்குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது; எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகி, சுழற்றக் கூடுதல் பலம் கேட்கிறது. பேட்டரி மேல் ‘சிசிஏ’ என்று ஒரு எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில், 30 விநாடிக்கு அது எத்தனை ஆம்பியர் தாக்குப்பிடித்துக் கொடுக்கும் என்பதன் அளவு அது. நாம் பார்த்தே இராத குளிர்காலத்தின் கணக்கு நம் பானெட்டுக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் குளிர் பேட்டரியைக் கொல்வதைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையில் அரித்துத் தின்பது வெப்பம். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஈப்போ வெயிலில் ஓடி நின்ற காரின் பானெட்டுக்குள் 60 டிகிரியையும் தாண்டும். உள்ளே ஈயத் தகடுகளைத் தாங்கும் சட்டம் அரிக்கிறது, நீர் ஆவியாகிறது. இது ஆண்டு முழுவதும், தினமும் நடக்கிறது. குளிர் நாட்டில் ஐந்தாறு ஆண்டு உழைக்கும் பேட்டரி நம்மூரில் இரண்டு, மூன்று ஆண்டிலேயே களைத்துப்போவது இதனால்தான்.

அவர்களுக்குப் பனிக்காலம் என்ற எச்சரிக்கை மணி உண்டு. நமக்கு அது இல்லை. அதனால் நம் பேட்டரி நேற்று மாலை ஓடிவிட்டு, இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது.

நமக்கும் ஒரு குளிர் உண்டு

முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. சிம்பாங் பூலாய் சந்திப்பில் திரும்பி மலைப்பாதையில் ஏறினால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கம்போங் ராஜா, கேமரன் மலை. பள்ளி விடுமுறையில் எங்கள் ஊர் வழியாக எத்தனை கார்கள் ஏறுகின்றன என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே விடிகாலையில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். நல்ல பேட்டரியை அந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. கீழே ஏற்கெனவே சோம்பலாக எழுந்துகொண்டிருந்த பேட்டரிதான் அங்கே, பனிமூட்டத்தில், பிள்ளைகளும் பைகளும் ஏறிய பிறகு எழ மறுக்கும். மலை அதைக் கெடுக்கவில்லை; கீழே கெட்டது மேலே தெரிந்தது.

இன்னொரு சோதனைக் காலம் மழை. அக்டோபர், நவம்பரில் பேராக்கில் மாலை தவறாமல் இடி, மழை. தீபாவளிக் கூட்ட நெரிசலில் கார் ஊர்ந்து போகும்போது முகப்பு விளக்கு, வைப்பர், ஏர்கோன், கண்ணாடிச் சூடேற்றி என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. மிச்சத்தைப் பேட்டரிதான் தாங்குகிறது. ஆகவே நம் ‘பனிக்காலச் சோதனை’யை எப்போது செய்வது என்று கேட்டால், என் பதில்: தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு.

அது முன்பே சொல்லியிருந்தது

அப்பாவோடு உட்கார்ந்து பேசியபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு வாரமாகவே காலையில் எஞ்சின் இழுத்து இழுத்து எழுந்ததாம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது முகப்பு விளக்கு மங்கியதாம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக மாவு பூத்திருந்ததாம். பேட்டரி போட்ட தேதியைப் பார்த்தால் மூன்று ஆண்டு, நான்கு மாதம்.

“அப்ப ஏன்பா மாத்தல?”

“ஓடுதே, எதுக்கு மாத்தணும்னு இருந்துட்டேன்” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய பேட்டரிக்கு நாங்கள் கொடுத்தது 260 வெள்ளி. குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. அப்படியானால் இந்தப் பெட்டி நான்கு நாள் உழைப்பு. ஓடுகிற ஒன்றைக் கழற்றி எறிய அவருடைய கை எப்படி வரும்?

அவசரப்பட்டு மாற்றுவதும் நஷ்டமே

அதற்கு எதிர்ப்பக்கமும் எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் என் சொந்தக் கார் ஒருநாள் எழவில்லை. அருகிலிருந்த ஒரு கடையில் “பேட்டரி வீக், மாத்திடுங்க” என்றார்கள். போட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. பயத்தில் மாற்றினேன். பத்து நாளில் புதிய பேட்டரியும் படுத்தது. பிறகுதான் தெரிந்தது, ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யவில்லை. நல்ல பேட்டரியைக் கொடுத்துவிட்டு, பணத்தையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே, ஓடுகிறதே என்று விடுவதும் தவறு. யாரோ சொன்னார் என்று மாற்றுவதும் தவறு. அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பது கடினமில்லை. கடையில் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் கிளப்புமுன் பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான். 12.0 பக்கம் இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி. நன்றாக ஓட்டிவிட்டு வந்தும் மறுநாள் காலை 12.4-க்குக் கீழேயே இருந்தால், பேட்டரி சார்ஜைப் பிடித்துவைப்பதில்லை, அல்லது ஏதோ ஒன்று இரவில் அதை உறிஞ்சுகிறது என்று பொருள். இரவெல்லாம் விழித்திருக்கும் டேஷ்கேம் ஒரு வழக்கமான குற்றவாளி.

அடுத்து, ஒருவர் காரைக் கிளப்பட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். அந்தக் கணத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் சந்தேகம் ஆல்டர்னேட்டர் மீது. நான் அன்று இதை அளந்திருந்தால் ஒரு பேட்டரி மிச்சம்.

மீட்டர் வேண்டாம் என்றால், ஒர்க்‌ஷாப்பில் சோதனைக் கருவி இருக்கும். முடிவை வாயால் கேட்காதீர்கள். திரையைக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி மேல் எழுதிய சிசிஏ எவ்வளவு, இப்போது கருவி காட்டும் சிசிஏ எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். சில பேட்டரிகளின் மேல் சிறிய பச்சைக் கண் இருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே ஆறு அறைகள் உண்டு. அந்தக் கண் ஓர் அறையை மட்டுமே பார்க்கிறது.

யார் காத்திருக்கிறார்கள்?

இவ்வளவு அளந்தாலும், ஒரு பேட்டரி எந்த நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நாங்கள் அதிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறோம்.

எனக்குக் கோலாலம்பூரில் கார் எழவில்லை என்றால் வாடகைக் காரை அழைப்பேன். மேலாளரிடம் நான்கு சொல் வாங்குவேன். அவ்வளவுதான். ஆகவே என் பேட்டரி மூன்றாவது ஆண்டுக்குள் போனாலும், அளவுகள் நன்றாக இருக்கும்வரை ஓட்டுவேன். அம்மாவின் காருக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முடிந்ததும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. இரண்டரை ஆண்டில், அளவு நன்றாக இருந்தாலும், மாற்றம்.

அது வீண்செலவா? மூன்று ஆண்டு உழைக்கும் 260 வெள்ளிப் பேட்டரி மாதத்துக்கு 7 வெள்ளி 20 காசு. ஆறு மாதம் முன்னதாக மாற்றினால் நாம் இழப்பது ஏறக்குறைய 43 வெள்ளி. இரண்டரை ஆண்டில் ஒருமுறை 43 வெள்ளி. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் அப்பா ஒன்றும் சொல்லாமல் மடித்து, கார் ஆவணங்களோடு வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார் இருக்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலையிலிருந்து தனியாகத் திரும்பும் மகள் ஓட்டுவது. ஏழாவது மாதத்தில் இருக்கும் மருமகளுக்காக வாசலில் நிற்பது. ஆண்டைக் கேட்குமுன், அந்தக் காரை நம்பி யார் இருக்கிறார் என்று கேளுங்கள்.

மாற்றும்போது

பேட்டரி மேல் தயாரித்த தேதி குறியீடாக அச்சிட்டிருக்கும். அதை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கடை அலமாரியில் பல மாதம் கிடந்ததை வாங்க வேண்டாம். அளவு சரியாக இருக்க வேண்டும். ‘38பி20எல்’ என்று இருந்தால், 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதி உள்ள காருக்கு அதற்கென்று தயாரித்த பேட்டரிதான் வேண்டும். மலிவானதைப் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் இருக்கின்றனவா பாருங்கள். மாற்றியதும் ஆல்டர்னேட்டரையும் அளக்கச் சொல்லுங்கள்.

பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் பின்னால் போட்டுவைக்காதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் அது ‘எஸ்.டபிள்யூ.102’ என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகவே இருக்கிறது.

புதியதை நீண்ட நாள் வைத்திருக்க: முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். டெர்மினலில் மாவு பூத்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, இறுக்குங்கள். மூடி உள்ள பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து வடிநீர் மட்டும் ஊற்றுங்கள். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் கார் என்றால், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

ஜம்பர் கேபிள் ஒன்று காரில் இருக்கட்டும். இரண்டு காரையும் அணைத்துவிட்டு, சிவப்பை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனையைப் படுத்த காரின் எஞ்சின் உலோகத்தில். பக்கத்து வீட்டு லாரியை மட்டும் தொட வேண்டாம்.

போன சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு அப்பா மீட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குவாரி மலைக்குப் பின்னால் இன்னும் இருட்டு. பானெட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது: “பன்னெண்டு புள்ளி ஆறுமா!”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, “பரீட்சை பாஸா? அப்ப போலாம்” என்றார்.

சாவியைத் திருப்பியதும் கார் எழுந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா ரேடியோவைப் போட்டார்.